இரு வீட்டாரும் சம்மதிக்கும் வரை

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் வழக்கமாக நடக்கும் ஒன்று உண்டு. உரைகள் முடிந்து, எல்லாரும் தேநீருக்காக எழுந்த பிறகு, ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ தயங்கித் தயங்கி அருகில் வருவார். "என் நண்பன் ஒருவனுக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்குவார். வேறு மொழி பேசும் பெண்ணை விரும்புகிறான், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்யலாம் என்பார். அந்த நண்பன் யார் என்று நமக்கும் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

இந்தக் கேள்விக்கு நாம் தரும் பதில் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கிறது. பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்றால் பாதிதான் சொன்னதாகும். உங்கள் விருப்பம்தான் முக்கியம் என்றாலும் பாதிதான். ஆகவே இக்கேள்வியையே நடுவில் வைத்து எழுதப்பட்ட ஒரு புதினத்தை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகச் சிந்திக்கலாம் என்று நினைத்தோம். சேத்தன் பகத் ஆங்கிலத்தில் எழுதி 2009-ஆம் ஆண்டு வெளிவந்த 'டூ ஸ்டேட்ஸ்' என்னும் நூல்தான் அது. 2014-இல் இந்தித் திரைப்படமாகவும் வந்தது. நம் இளையோரில் பலர் இதைப் படித்திருப்பார்கள் அல்லது பார்த்திருப்பார்கள். இதைப் பெற்றோர்கள் படிக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

இது இலக்கியத் தரம் மிக்க நூல் என்று சொல்ல மாட்டோம். பேச்சு நடையில், வேகமாக, சிரிக்கச் சிரிக்கச் செல்லும் கதை. ஆனால் கதையின் அடியில் ஓரளவு ஆசிரியரின் சொந்த வாழ்வு இருக்கிறது. டெல்லியில் வளர்ந்த பஞ்சாபியரான அவர், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் தம்மோடு படித்த தமிழ்ப் பெண்ணை மணந்தவர். நூலைத் தம் துணைவியாரின் குடும்பத்தாருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். மாமனார் வீட்டுக்குக் காணிக்கையாக்கப்பட்ட காதல் கதை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை!

கதை இதுதான். டெல்லிப் பையன் கிரிஷ் மல்கோத்ராவும், சென்னையில் மயிலாப்பூர் மணம் கமழும் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த அனன்யா சுவாமிநாதனும் கல்லூரி உணவகத்தின் வரிசையில் சந்திக்கிறார்கள். சாம்பார் சாம்பாராக இல்லை என்று அவள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். நட்பு காதலாகிறது. படிப்பு முடிந்து பட்டமளிப்பு விழாவுக்கு இரு குடும்பங்களும் வருகின்றன. அங்கேயே எல்லாம் கெட்டுப்போகிறது. தன் ஒரே மகனை இந்த மதராசிப் பெண் மயக்கிவிட்டாள் என்று கிரிஷின் தாய் நினைக்கிறார். அனன்யாவின் பெற்றோரோ, இவ்வளவு சத்தமாகப் பேசும் இவர்கள் யார் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் வெறுக்க அவர்களுக்கு ஒரு பிற்பகலே போதுமானதாக இருக்கிறது.

இங்குதான் இக்காதலர்கள் ஒரு முடிவெடுக்கிறார்கள். நூல் முழுவதும் அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது. இருவரும் வயது வந்தவர்கள். நல்ல வேலையில் இருப்பவர்கள். சட்டப்படி அவர்களைத் தடுக்க எவராலும் முடியாது. நாளைக்கே பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். ஆனால் ஓடிப்போவதில்லை என்று தீர்மானிக்கிறார்கள். திருமண நாளன்று தன் பெற்றோர் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பது அனன்யாவின் ஆசை. சம்மதம் என்ற சொல் போதாது, சிரிப்பு வேண்டும்! இது எவ்வளவு கடினமான நிபந்தனை என்று பிள்ளைகளுக்குத் திருமணம் முடித்துவைத்த பெற்றோர் யாரும் அறிவர்.

இதற்காகவே கிரிஷ் தன் வங்கி வேலையைச் சென்னையில் கேட்டுப் பெறுகிறான். நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் அவனும் எல்லாக் காதலர்களையும் போல, தான் எவ்வளவு நல்லவன் என்று காட்டத்தான் போகிறான். அது எடுபடவில்லை. அந்த வீட்டில் மாலை நேரத்தில் அமர்ந்திருப்பதே பெரும் சங்கடமாக இருக்கிறது. யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும், நம் ஆள், நம் சாதி என்று சொல்லத்தக்க மாப்பிள்ளை ஒருவரும் காத்திருக்கிறார்.

பிறகு மெல்ல மெல்ல அவன் கண் திறக்கிறது. அனன்யாவின் தம்பி நுழைவுத் தேர்வுக்குத் திணறிக்கொண்டிருக்கிறான். கிரிஷ் அதிகாலையில் எழுந்து வந்து அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறான். அனன்யாவின் தந்தை வங்கி அதிகாரி. பல ஆண்டு உழைத்தும் கவனிக்கப்படாதவர். கணினியில் ஒரு விளக்கவுரை தயாரித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. அதைச் செய்யத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சம். கிரிஷ் உடன் அமர்ந்து செய்து தருகிறான். தாய்க்கோ பாட்டு உயிர். முறைப்படி கற்றும், மேடையேறி நாலு பேர் முன்னிலையில் பாடும் வாய்ப்பு அவருக்கு வாய்த்ததே இல்லை. தன் வங்கி நடத்தும் இசை நிகழ்ச்சியில், பெயர்பெற்ற பாடகர்கள் பாடும் அதே மேடையில் அவரையும் பாட வைக்கிறான் கிரிஷ்.

இதை மேலோட்டமாகப் பார்த்தால், காரியம் சாதிக்கச் செய்த தந்திரம் என்று தோன்றும். ஆசிரியரே அப்படித்தான் கேலியாக எழுதிச் செல்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டில் பல ஆண்டுகளாக ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒருவர் ஆசையை ஒருவர் கவனிக்கவில்லை. அலுவலகத்தில் தந்தை படும் அவமானம் வீட்டில் பேசப்படவில்லை. தாயின் பாட்டு வீட்டாருக்கு வெறும் பின்னணிச் சத்தமாகிவிட்டது. வேற்று மொழி பேசும், வேற்று உணவு உண்ணும் ஓர் அந்நியன் வந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 'என் மகளை ஏன் உனக்குத் தர வேண்டும்?' என்று கேட்ட பெற்றோருக்கு, அவர்கள் மகளின் பெற்றோர் மட்டுமல்லர், தனித்தனி மனிதர்கள் என்று நினைவூட்டியவன் அவன். நம் பங்குகளில் எத்தனையோ அன்னையர் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாகப் பின்வரிசையிலேயே நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இது தெரியுமா என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு.

கடைசியில் அனன்யாவிடம் மட்டும் திருமண விருப்பத்தைச் சொல்லாமல், தம்பி உட்பட அக்குடும்பத்தார் அனைவரிடமும் மோதிரங்களோடு சம்மதம் கேட்கிறான். அவர்களும் இணங்குகிறார்கள்.

அடுத்து அனன்யாவின் முறை. டெல்லிக்குச் செல்கிறாள். கிரிஷின் மாமன் வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம். மணமேடை வரை வந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் பேசிய காரைவிடப் பெரிய கார் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். பெரியவர்கள் கையைப் பிசைந்து நிற்க, அனன்யா இளையோரைத் திரட்டி மாப்பிள்ளையிடமே நேரில் பேசித் திருமணத்தைக் காப்பாற்றுகிறாள். அதுவரை அவளைக் கறுப்புக் கண்ணோடு பார்த்த உறவினர்கள் அவளைத் தலையில் தூக்கி வைக்கிறார்கள். இந்தக் காட்சி சினிமாத்தனமானது என்பது நம் கருத்து. வரதட்சணை பிடித்த வீட்டில் ஒரு பேச்சில் மனம் மாறுவது அவ்வளவு எளிதன்று.

எல்லாம் கூடி வந்ததாகத் தோன்றும்போது, இரு குடும்பங்களும் பழக வேண்டும் என்பதற்காக அனைவரையும் கோவாவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கு உடைகிறது. தனித்தனியாக வென்றெடுத்த உள்ளங்கள் ஒன்றாக உட்கார்ந்தவுடன் பழையபடி பஞ்சாபியும் தமிழருமாகிவிடுகின்றன. மாப்பிள்ளையின் தாய் என்ற தோரணையில் கிரிஷின் தாய் பேசுவதும், பெண் வீட்டார் அதைக் குத்தலாக உணர்வதும், கிரிஷ் தாயின் பக்கம் சாய்வதும் சேர்ந்து காதலையே முறித்துவிடுகின்றன. அவன் உறக்கமின்றி, வேலையில் மனமின்றி, மனநல மருத்துவரிடம் போய் நிற்கும் அளவுக்குச் சிதைந்துபோகிறான். நூலின் முதல் காட்சியே அந்த மருத்துவர் அறைதான்.

கதையை இங்கே சற்று நிறுத்துவோம். பெற்றோரின் சம்மதம் இல்லாவிட்டால் திருமணமே இல்லையா? திருச்சபை இதற்கு என்ன சொல்கிறது?

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் இது பெரும் அரசியல் சிக்கலாகவே எழுந்தது. அந்நாட்டின் படைத்தலைவரான மொன்மொரன்சி, தம் மகன் அரசரின் மகளை மணக்க வேண்டுமென்று விரும்பினார். மகனோ வேறொரு பெண்ணுக்கு இரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டான். இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில், அரசர் இரண்டாம் என்றி ஒரு சட்டமே பிறப்பித்தார். 30 வயதுக்குட்பட்ட ஆணும் 25 வயதுக்குட்பட்ட பெண்ணும் பெற்றோர் இசைவின்றி மணந்தால் அவர்களுக்குச் சொத்துரிமையை மறுக்கலாம் என்றது அச்சட்டம். பெற்றோர் சம்மதமில்லாத திருமணம் செல்லாது என்றே திருச்சபை அறிவிக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கத்திலும் பிரெஞ்சுத் தரப்பு வற்புறுத்தியது.

சங்கம் 1563-ஆம் ஆண்டு நவம்பரில் முடிவெடுத்தது. பெற்றோர் இசைவில்லாத திருமணங்களைத் திருச்சபை விரும்புவதில்லை என்று சொன்னது. ஆனால் அவை செல்லாதவை என்று அறிவிக்க மறுத்துவிட்டது. அப்படிச் சொல்வோரைக் கண்டிக்கவும் செய்தது. மறைவில் நடக்கும் திருமணங்களைத் தடுக்க, பங்குத்தந்தையும் சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும் என்றும், மூன்று திருநாள்களில் மக்கள் முன் அறிவிக்க வேண்டும் என்றும் அதே தீர்மானம் விதித்தது. இன்றும் நம் ஆலயங்களில் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்கிறோமே, அதன் வேர் இதில்தான் இருக்கிறது. 'இவர்களுக்குள் தடை இருப்பதாக அறிந்தவர் தெரிவிக்க வேண்டும்' என்று கேட்கும்போது, அங்கே மாமாவின் கோபமும் ஊராரின் முணுமுணுப்பும் தடையாகக் கொள்ளப்படுவதில்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே தெளிவாக்குகிறது. திருமணத்தை உருவாக்குவது மணமக்கள் இருவரின் சம்மதம். அதை வேறு எந்த மனிதரும் அவர்களுக்குப் பதிலாகத் தர முடியாது. வற்புறுத்தலுக்கோ கடும் அச்சத்துக்கோ ஆட்பட்டுத் தரப்படும் சம்மதம் செல்லாது. காதலித்தவரை மறக்கச் சொல்லி, விஷம் குடிப்பேன் என்று மிரட்டி, வேறொருவருக்குத் தலைகுனிய வைக்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. அவர்கள் காப்பதாக நினைக்கும் அருளடையாளத்தையே அவர்கள் ஐயத்துக்குள்ளாக்குகிறார்கள். நாட்டின் சட்டமும் இதே பக்கம்தான். வயது வந்த இருவர் மணக்க விரும்பினால் குடும்பத்தின் சம்மதமோ ஊர்ச் சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

விவிலியத்திலும் வேற்றின மருமகளுக்கு எழுந்த எதிர்ப்பு உண்டு. மோசே வேற்றினப் பெண்ணை மணந்ததற்காக அவருக்கு எதிராகப் பேசியவர்கள் வேறு யாருமில்லை, உடன்பிறந்த மிரியாமும் ஆரோனும்தான். தொழுநோய் பிடித்தது மிரியாமுக்கு, அந்தப் பெண்ணுக்கன்று. எண்ணிக்கை நூலின் 12-ஆம் பிரிவை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அப்படியானால் கிரிஷும் அனன்யாவும் ஏன் காத்திருந்தார்கள்? கட்டாயத்தால் அன்று. சம்மதம் உரிமையாக இல்லாதபோதும் அதை அன்பளிப்பாகக் கேட்டார்கள். இந்த வேறுபாட்டை நம் வீடுகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் புதினத்தின் பொறுமையை எல்லாருக்கும் அறிவுரையாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை. இக்கதையில் மோதுவது மொழியும் உணவும் பழக்கமும்தான். தமிழர் என்றால் அமைதி, சங்கீதம், வாழை இலை. பஞ்சாபியர் என்றால் சத்தம், வெண்ணெய், பகட்டு என்ற கேலிச் சித்திரத்தைத் தாண்டி நூல் அதிகம் போவதில்லை. பெண்ணின் நிறத்தைப் பற்றிய பேச்சுகளில் சில இன்று படிக்கக் கூசுகின்றன. இரு குடும்பங்களும் படித்த, உயர்ந்த சாதிக் குடும்பங்கள். மிஞ்சிப்போனால் முகம் திருப்புவார்கள், கதவைச் சாத்துவார்கள். ஆனால் நம் மண்ணில் நடப்பது வேறு. 2016-ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணமுடித்து எட்டு மாதங்களே ஆன சங்கர் என்ற தலித் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யாவும் படுகாயமடைந்தார். உயிருக்கு ஆபத்து உள்ள வீட்டுப் பிள்ளையிடம் போய், 'அதிகாலையில் எழுந்து மச்சானுக்குப் பாடம் சொல்லிக் கொடு' என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

நமக்குள்ளும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பீடத்தில் திருவிருந்து அருந்தும் நாமே வரன் தேடும் விளம்பரத்தில் சாதிப் பெயரை முதலில் போடுகிறோம். மலையாளக் கத்தோலிக்கரையோ கோவாக் கத்தோலிக்கரையோ பிள்ளை விரும்பினால் 'வேற்று மொழியாச்சே' என்று தயங்கும் பெற்றோர், அதே ஊரில், அதே பங்கில், அடுத்த தெருக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் தயங்குவதோடு நிற்பதில்லை. மொழியை மன்னிப்போம், தெருவை மன்னிக்க மாட்டோம் என்பது நம் எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. சேத்தன் பகத்தின் புதினத்தில் இந்தத் தெரு இல்லை. அதனால்தான் அதில் அவ்வளவு சிரிக்க முடிகிறது.

சரி, கதைக்குத் திரும்புவோம். கோவாவில் முறிந்ததைச் சேர்த்து வைத்தது யார்?

இதுவரை கிரிஷின் தந்தையைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. புதினமும் நீண்ட தூரம் அவரை ஓரமாகவே வைத்திருக்கிறது. இராணுவத்தில் பணியாற்றியவர், குடிப்பழக்கம் உள்ளவர், மனைவியை அடித்தவர். தந்தையும் மகனும் பேசுவதே இல்லை. கிரிஷ் எல்லாருடைய சம்மதத்தையும் தேடி அலைகிறான். தன் தந்தையின் சம்மதத்தை மட்டும் கேட்கவே இல்லை. அவர் ஒரு பொருட்டே இல்லை என்று ஒதுக்கிவிட்டான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சந்திக்கும் பெரியவர் ஒருவர், அவன் சுமந்து திரியும் இந்தக் கசப்பைக் கண்டுகொண்டு, தந்தையை மன்னித்து இறக்கி வை என்கிறார். மாமியாரின் மனத்தை வெல்லப் பாட்டுக் கச்சேரி வரை ஏற்பாடு செய்த பிள்ளைக்கு, தன் வீட்டுக் கூடத்தைக் கடந்து தந்தையின் அறைக்குச் செல்வது அதைவிட நீண்ட பயணமாக இருக்கிறது.

மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. அடிபட்ட மனைவியிடமும் பிள்ளைகளிடமும் 'மன்னித்துவிடுங்கள்' என்று அவசரமாகச் சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. புதினம் அப்படிச் செய்யவில்லை. தந்தையின் தவற்றை அது மறைக்கவுமில்லை, சிறிதாக்கவுமில்லை.

அந்தத் தந்தைதான், எவரும் கேளாமலே, சென்னைக்குப் போகிறார். அனன்யாவின் பெற்றோரைத் தனியாகச் சந்திக்கிறார். அவர்களோடு நெடுநேரம் அமர்ந்து பேசுகிறார். கோவாவில் தாங்கள் பட்ட அவமானத்தை அந்தப் பெற்றோர் அவரிடம் இறக்கி வைக்கிறார்கள். தன் குடும்பத்துக்காக ஒருநாளும் தலைவணங்காத மனிதர், மகனின் வாழ்வுக்காக அந்நியர் வீட்டில் வேண்டி நிற்கிறார். சமாதானம் பிறக்கிறது. மகனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனன்யா தொலைபேசியில் அழைத்துச் சொல்லித்தான் கிரிஷுக்கே தெரிகிறது.

தேநீர் வேளையில் தயங்கி வந்து நிற்கும் அந்த 'நண்பனிடம்' நாம் இப்போதெல்லாம் ஒன்று கேட்கிறோம்: வீட்டில் ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று சொன்னாய், நீ இன்னும் கேட்கவே கேட்காத ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறாரா? பலர் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். சிலர், பேச்சை நிறுத்திக்கொண்ட தந்தையைச் சொல்வார்கள். சொத்துத் தகராறில் பிரிந்துபோன பெரியப்பாவைச் சொல்வார்கள். ஒரு பெண், தன் பாட்டியைச் சொன்னாள். அந்தப் பாட்டி பர்மாவிலிருந்து வந்தவராம். அவர் திருமணத்தை அந்தக் காலத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். இத்தனை வயதுவரை அந்தக் கதையை அவரிடம் யாருமே கேட்டதில்லை என்றாள்.